அந்தரங்கத்திலே ஒன்றும் பேசவில்லை

பதினான்கு மாதம் நான் ஒரு வேதபாட வகுப்புக்குப் போய்வந்தேன். என் மனைவிக்கு அது தெரியாது. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், வேலை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போவேன். கடவுளைத் தெரிந்துகொள்ளப் போகிறவன் அதற்காகவே வீட்டில் பொய் சொன்னான் என்று எழுத இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வந்தது போன்ற ஓர் அழைப்பு இந்த நேரத்தில் வேறு யாருக்கோ வந்துகொண்டிருக்கும்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனதைப் பிரிப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் வாய்த்தகராறு வந்து, பேச்சு முழுவதுமாக நின்றுபோனது. அம்மா என்னோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவேன். ஆனால் பிரசங்கத்தில் எந்த வசனத்தைச் சொன்னாலும் அடுத்த வரி எனக்கு முன்பே தெரியும். சின்ன வயதிலிருந்து மனப்பாடம். தெரிந்ததாலேயே அது உள்ளே இறங்காமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னார்: "பிரதர், நீங்க ஆழமா யோசிக்கிறவர். இத நான் எல்லார்கிட்டயும் சொல்றதில்ல."

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அவர் என்ன கற்றுத்தரப் போகிறார் என்று எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எல்லாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்கிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

வகுப்பில் எட்டுப் பேர். உள்ளே போகும்போது செல்போனை ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் அமைதியானவர், பொறுமைசாலி. கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வேதாகமத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மறைவான ஒரு ஜோடி உண்டு என்பதுதான் பாடத்தின் அடிப்படை. விதை, மரம், பறவை, கடல், எண்ணெய் என்று வரிசையாக எழுதி, எதிரில் அதன் 'உண்மைப் பொருளை' எழுதிக்கொள்வோம். நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் பரீட்சை. முதல் பரீட்சையில் எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

அந்த நாட்கள் கசப்பாக இருந்தன என்று சொன்னால் அது பொய். ரொம்ப இனிமையாக இருந்தன. செத்துக் கிடந்த பக்கங்கள் திடீரென்று உயிர் பெற்றது போல் இருந்தது. இரவெல்லாம் படித்தேன். இப்படிப்பட்ட குழுக்களில் சேர்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இனிமையைக் கணக்கில் எடுப்பதில்லை. பசியோடு இருப்பவனுக்கு யார் சாப்பாடு போட்டாலும் ருசிக்கும்.

ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதல் மாதமே கேட்டேன். அதற்கும் வசனம் இருந்தது. மத்தேயு 13ல் விதைக்கிறவன் உவமை. வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் வந்து பட்சித்துப்போட்டன அல்லவா? வசனம் உங்களுக்குள் வேர்விடும்வரை வீட்டாரிடமோ சபைப் போதகரிடமோ சொன்னால் இந்த விதைக்கும் அதுதான் நடக்கும் என்றார். சரி என்று பட்டது. அதே அதிகாரத்தின் முதல் வரிகளை நான் அப்போது கவனிக்கவில்லை. இயேசு படகில் உட்கார்ந்திருக்கிறார், ஜனங்களெல்லாரும் கரையில் நிற்கிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்குமுன் சொன்ன உவமையை வைத்து எங்கள் வாயைக் கட்டியிருந்தார்கள்! பறவை யார் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது: பொல்லாங்கன். யாருடைய மனைவியும் அல்ல.

இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குள் நடந்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் படிக்காதவர். ஜெபிக்கும்போது எப்போதும் அதே ஐந்தாறு வாக்கியங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, "பாவம், இவருக்கு ஒன்றுமே தெரியாது" என்று மனதில் நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த மாதங்களில் அவர்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது என் நினைவுக்கே வரவில்லை. ஒருவன் தன்னிடம் இரகசியம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினால் மற்றவர்கள் அவன் கண்ணுக்குச் சிறுத்துப்போகிறார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இராத்திரி படுக்கப்போகுமுன் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டச் சொல்வார். வகுப்பு இல்லாத நாட்களில் நான் வாசிப்பேன். அன்றைக்கு யோவான் 18. இயேசுவைத் தோட்டத்தில் பிடித்துக் கட்டிக்கொண்டுபோய்ப் பிரதான ஆசாரியன்முன் நிறுத்துகிறார்கள். உன் சீஷர்களைக் குறித்தும் போதகத்தைக் குறித்தும் சொல் என்கிறான். அதற்கு இயேசுவின் பதிலை வாசித்தேன்: "நான் வெளியரங்கமாய் உலகத்துடனே பேசினேன், ஜெப ஆலயங்களிலேயும் யூதர்களெல்லாரும் கூடிவருகிற தேவாலயத்திலேயும் எப்பொழுதும் உபதேசித்தேன், அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை."

மேலே வாசிக்க முடியவில்லை.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். என்னை அவரால் சரியாகப் பார்க்க முடியாது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. மிச்சத்தையும் எப்படியோ வாசித்து முடித்தேன்.

அந்த வசனம் எனக்குப் புதிதல்ல. நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆனால் அது ஒரு விசாரணையில் சொல்லப்பட்ட பதில் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்டவர்களையே கேட்டுப்பாருங்கள் என்று அடுத்த வரியிலேயே சொல்கிறார். வெளியே யாரைக் கூப்பிட்டு விசாரித்தாலும் தான் சொன்னது ஒன்றாகத்தான் இருக்கும் என்ற துணிவு அது. எங்கள் எட்டுப் பேரில் ஒருவராவது இப்படிப் பதில் சொல்ல முடியுமா?

அடுத்த வகுப்பில் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "நல்ல கேள்வி பிரதர். இதுக்குப் பதில் அடுத்த நிலைல வரும்" என்றார். முன்பு கேட்ட கேள்விகளுக்கும் இதே பதில்தான் வந்திருந்தது. அப்போதெல்லாம் இன்னும் உயரமான படி ஒன்று இருக்கிறதே என்று ஆவலாக இருக்கும். அன்றைக்கு அது வெறும் தள்ளிப்போடுதலாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம் போனேன், பிறகு நிறுத்திவிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "உங்களுக்காக அழுகிறோம்" என்று செய்தி வந்தது. அந்த ஏழு பேரையும் எனக்குப் பிடிக்கும் என்பதால் அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

மனைவியிடம் சொன்ன இரவை விரித்து எழுத விரும்பவில்லை. அவள் கத்தவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அது அவ்வளவு நல்ல விஷயம்னா, எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்னு நெனச்சீங்க?" எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்தக் கேள்வியை முதல் வாரமே எனக்கு நானே கேட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு வருடம் நிறைய வாசித்தேன். எது என்னைப் பிடித்து இழுத்தது என்று கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. வகுப்பில் அடிக்கடி சொல்லப்பட்ட ஒன்று, 'சபை மறைத்துவைத்த சுவிசேஷங்கள்'. 1945ல் எகிப்தில் நாக் ஹம்மாடிக்குப் பக்கத்தில் ஒரு மண்ஜாடியிலிருந்து 13 பழைய ஏட்டுச்சுவடிகள் கிடைத்தது உண்மைதான். அதில் தோமாவின் பெயரால் வழங்கும் நூலைத் தேடிப் படித்தேன். யாரும் ஒளித்துவைக்கவில்லை, மொழிபெயர்ப்புகள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. அதன் முதல் வரியே, உயிருள்ள இயேசு பேசிய இரகசிய வார்த்தைகள் இவை என்று தொடங்குகிறது. லூக்காவின் முதல் வரிகளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆரம்பமுதல் கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததைத் திட்டமாய் விசாரித்து, நீர் நிச்சயத்தை அறியவேண்டும் என்று ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார் அவர். ஒருவர் கதவைச் சாத்தித் தொடங்குகிறார், மற்றவர் சாட்சிகளைக் காட்டித் தொடங்குகிறார். இந்த வித்தியாசத்தை இரண்டாம் நூற்றாண்டிலேயே பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், லியோன் நகரத்து ஆயர் இரனேயு. அப்போஸ்தலர்களுக்கு மறைபொருள்கள் ஏதாவது தெரிந்திருந்தால், தங்கள் சபைகளையே நம்பி ஒப்படைத்த ஆட்களுக்கு அல்லவா முதலில் அதைக் கொடுத்திருப்பார்கள் என்று ஏறக்குறைய கி.பி. 180ல் அவர் எழுதினார். இவ்வளவு எளிய கேள்வி.

இன்னொன்று எழுத்துக் கணக்கு. எபிரெய மூலத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் எழுத்துகளைப் பொறுக்கினால் பிற்காலச் சம்பவங்கள் வருகின்றன என்று எங்களுக்குக் காட்டினார்கள், நான் மலைத்துப்போனேன். ஆதியாகமத்தை வைத்து அப்படி ஓர் ஆய்வு 1994ல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியானது. 1999ல் அதே இதழ் அதற்கு விரிவான மறுப்பையும் வெளியிட்டது. மறுப்பு எழுதியவர்களில் ஒருவரான பிரெண்டன் மெக்கே, ஓர் ஆங்கில நாவலை எடுத்து அதே முறையில் தேடினார். இந்திரா காந்தியின் கொலைகூட அதில் 'முன்னறிவிக்கப்பட்டிருந்தது'. நீளமான எந்த எழுத்திலும், தேடுகிறவன் விதிகளைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டால் தேடுவது கிடைக்கும். எங்கள் ஜோடி அட்டவணையும் அந்த வகைதான். எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று தீர்மானித்தவர் சொல்லிக்கொடுத்தவர். சரிபார்க்க எங்களுக்கு வழியே இல்லை.

பழைய கிரேக்க உலகத்தில் எலூசிஸ் என்ற இடத்தில் இரகசியச் சடங்குகள் இருந்தன. உள்ளே பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415ல் ஏதென்ஸின் பெரிய தளபதி அல்கிபியாதேஸ் அந்தச் சடங்கை வீட்டில் நடித்துக் காட்டினார் என்ற குற்றச்சாட்டில் சிக்கி, ஊருக்குத் திரும்பாமல் தப்பி ஓடவேண்டியிருந்தது. அவ்வளவு கட்டுக்காவலாக வைத்ததால், உச்சக்கட்டத்தில் என்ன காட்டினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தச் சடங்குகளைக் குறிக்கும் 'மிஸ்டீரியோன்' என்ற அதே கிரேக்கச் சொல்லைத்தான் பவுலும் எடுக்கிறார். ஆனால் அவர் அதைச் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் பக்கத்திலேயே 'வெளியாக்கப்பட்ட' என்று வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக மறைவாயிருந்து இப்பொழுது வெளியாக்கப்பட்ட இரகசியம் என்று கொலோசெயர் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தின் பெயரே வெளிப்படுத்தின விசேஷம். கிரேக்கப் பெயருக்கும் திரையை விலக்குதல் என்றுதான் பொருள். இந்த வசனங்களை முத்திரைபோடவேண்டாம் என்று அதன் கடைசி அதிகாரத்தில் வருகிறது. எங்கள் வகுப்பில் மூன்றாம் நிலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் திறக்கப்பட்ட புத்தகம் அது!

கி.பி. 155ஐ ஒட்டி ஜஸ்டின் என்பவர் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் தங்கள் கூட்டங்களில் என்ன செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அவர் ஞானஸ்நானம் எப்படி, ஞாயிற்றுக்கிழமை என்ன வாசிப்போம், அப்பத்தையும் திராட்சரசத்தையும் எப்படிப் பகிர்வோம் என்று ஒன்றுவிடாமல் பேரரசருக்கே எழுதிவிட்டார். பயந்து மறைவாகக் கூடவேண்டிய காலம் அது. ஆள் மறைவது வேறு, செய்தியை மறைப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது ஜஸ்டினால்தான். பிறகு அவர் தலை வெட்டப்பட்டது.

நம் மொழிக்காரர்களுக்கு இதில் இன்னொருவர் நினைவு வராமல் போகாது. திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் திருமந்திரம் என்ற எட்டெழுத்து மந்திரத்தைப் பெற்ற இராமானுசர், கோபுரத்தின்மேல் ஏறி எல்லாருக்கும் சொல்லிவிட்டார் என்று வைணவ மரபு சொல்கிறது. நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் பிழைப்பார்களே என்றாராம். நம்பிக்கையில் நானும் அவரும் வேறு வேறு திசை. ஆனால் "காதிலே கேட்கிறதை நீங்கள் வீடுகளின்மேல் பிரசித்தம்பண்ணுங்கள்" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கோபுரம் என் கண்முன் வருகிறது. நல்லது என்று உண்மையாக நம்புகிறவனுக்கு அதைத் தனக்குள் பூட்டிவைக்க மனம் வராது.

வேதாகமத்தை ஜனங்கள் கையில் கொடுத்த குற்றத்துக்காகவும் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். வில்லியம் டிண்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526ல் அச்சாகி வந்தது. பத்து வருடத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715லேயே அச்சில் வந்துவிட்டது, தரங்கம்பாடியில், சீகன்பால்கு மொழிபெயர்த்தது. அப்படித் திறந்து கையில் தரப்பட்ட புத்தகத்தைத்தான் நான் கதவு சாத்திய ஓர் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் படித்திருக்கிறேன்.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மாற்கு 4ல், தேவனுடைய ராஜ்யத்தின் இரகசியம் உங்களுக்கு அருளப்பட்டது, புறம்பே இருக்கிறவர்களுக்கோ எல்லாம் உவமையாகச் சொல்லப்படுகிறது என்ற பொருளில் இயேசுவே பேசுகிறார். எங்கள் வகுப்பின் தூண் அந்த வசனம்தான். நான் பலமுறை மோதிப் பார்த்த இடமும் அதுதான். இப்போது எனக்குத் தெரிவது இது. பதில் பெற்றவர்கள் பன்னிருவர் மட்டும் அல்ல, அவரோடு இருந்த மற்றவர்களும் என்று முந்தின வசனம் சொல்கிறது. கூட்டம் கலைந்தபிறகும் போகாமல் நின்று கேட்டவர்கள். பரீட்சை எழுதித் தேர்ந்தவர்கள் அல்ல. அவர்களுக்குத் தரப்பட்ட விளக்கமும் மறைக்கப்படவில்லை, அடுத்த வரிகளிலேயே இருக்கிறது. அதை முடித்த கையோடு, விளக்கை மரக்காலின்கீழ் வைப்பார்களா என்று கேட்கிறார். இது எல்லாக் கேள்வியையும் தீர்த்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கடினமான வசனம், கடினமாகவே இருக்கட்டும்.

இன்றைக்கு யாராவது என்னை அப்படி அழைத்தால் நான் கேட்பது கொஞ்சம்தான். இதை இன்று இராத்திரியே வீட்டில் சொல்லலாமா? எழுதினதை எடுத்துப்போய் வேறு ஒருவரிடம் காட்டலாமா? பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பாராட்டப்பட்டார்கள். ஆராய்வதைப் பார்த்துப் பயப்படுகிற போதகரிடம் நான் உட்காரமாட்டேன். ஆரம்பத்தில் எதில் சேர்க்கிறார்கள் என்பதையும் கடைசியில் என்ன கேட்கிறார்கள் என்பதையும் முதல் நாளே சொல்கிறார்களா என்று பார்ப்பேன். தனியாக ஜெபிப்பது, வலதுகை கொடுப்பதை இடதுகை அறியாமல் கொடுப்பது, ஒருவர் நம்பிச் சொன்ன துக்கத்தை வெளியே விடாமல் காப்பது, இதெல்லாமும் அந்தரங்கம்தான், தேவையானதும்கூட. அங்கே காக்கப்படுவது இன்னொரு மனிதனின் மானம். போதனைக்கு அந்த மறைவு தேவையில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே அப்படி ஒரு வட்டத்தில் இருந்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். நான் உள்ளே இருந்தபோது யாராவது கேலி செய்திருந்தால் அவரைப் பறவைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு இன்னும் உள்ளே போயிருப்பேன். விவாதத்திலும் ஜெயிக்க முடியாது, ஏனென்றால் வசனத்துக்கு வசனம் தயாராக இருப்பார்கள். அம்மா என்னோடு விவாதிக்கவில்லை. வாசிக்கத்தான் சொன்னார். முழு அதிகாரமாக, சத்தமாக, வரிசையாக. எங்கள் வகுப்பில் நாங்கள் ஒருபோதும் அப்படி வாசித்ததில்லை. இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி என்று தாவிக்கொண்டேதான் இருந்தோம்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. எனக்கு ஏன் இரகசியம் தேவைப்பட்டது? அதற்கு விடை நாகமானின் கதையில் கிடைத்தது. குஷ்டரோகியான படைத்தலைவன், யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்று எலிசா தீர்க்கதரிசி சொல்லியனுப்பியதும் கோபப்பட்டுத் திரும்பிப் போகிறான். பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா என்று அவனுடைய ஊழியக்காரர்கள் கேட்கிறார்கள். உபாகமம் 29ன் கடைசி வசனத்திலும் இதுவே இருக்கிறது. மறைவானவைகள் கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை, 'செய்யும்படிக்கு'. இரகசியத்தைத் தெரிந்துகொண்டால் போதும். வெளிப்படையாகச் சொல்லப்பட்டதைச் செய்ய வேண்டியிருக்கிறது. உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது பத்து வயதிலேயே எனக்கு மனப்பாடம். அதற்கு மறைபொருள் எதுவும் கிடையாது. அந்தப் பதினான்கு மாதமும் நான் ஓடிப்போனது அந்த வசனத்தை விட்டுத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நான்தான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"அம்மா கண்ணு எப்படிடா இருக்கு?" என்றான்.

சண்டையின் காரணம் அன்றோடு தீர்ந்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இராத்திரி அம்மாவுக்கு வாசிக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு வைக்கிறேன், அவனும் கேட்கிறான். மனைவி வாசல் பக்கம் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் அவளே வாசிப்பாள். இப்போது எண்ணாகமத்தில் இருக்கிறோம். கோத்திரம் கோத்திரமாகப் பெயர்கள், தொகைகள். இதைத் தாண்டிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அவங்க பேரையும் படி" என்றார் அம்மா.